அரிசிக்கடைக்காரன் செய்த அரிசியில்லா நூடுல்ஸ்

டேய் கார்த்தி,

உன் அறை மேசையில் திருகி வைத்திருந்த பென்சில் சீவும் மெஷினை உடைத்தது நான்தான். பூனை இல்லை. உங்கம்மா இன்னமும் பக்கத்து வீட்டுப் பூனையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன். நடந்தது இதுதான். போனில் ஒரு வெள்ளைக்காரம்மா ஏதோ ஒரு சின்ன மெஷினில் காய்கறியைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினாள். மறுபக்கம் நூல் நூலாக, நூடுல்ஸ் போலவே வந்து விழுந்தது. நீ ஏழாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய மெஷின் நம் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, அதுவும் சுற்றுகிற சாமான்தானே என்று நினைத்தேன். ஒல்லியான கேரட்டாகப் பார்த்து எடுத்து, முனையைக் கத்தியால் செதுக்கி, உள்ளே விட்டுச் சுற்றினேன். முதல் சுற்றில் அழகாக ஒரு சுருள் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது சுற்றில் 'டக்' என்றது. கைப்பிடி என் கையில், கேரட் மெஷின் வயிற்றில். இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. காய்ந்து காய்ந்து பென்சில் அளவுக்கு வந்துவிட்டது.

இந்த வயதில் உனக்கெதற்கு இந்த வேலை என்று கேட்பாய். உன் ஒருவனுக்காகத்தான். நீ ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற அந்தத் தாய்லாந்து நூடுல்ஸை, அரிசி, கோதுமை, கேழ்வரகு என்று ஒரு தானியமும் சேர்க்காமல் செய்து, உன்னை மறுபடியும் நம் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் நடுவில் என் வாய் சும்மா இருக்காது, ஏதாவது கிண்டல் செய்துவிடும், நீ பைக் சாவியை எடுத்துவிடுவாய். போனில் பேசி அனுப்பலாம் என்றால் பின்னாலிருந்து உங்கம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அதனால் கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஐந்தாவது வரைக்கும் படித்த தமிழை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பு இருந்தால் தீபாவிடம் காட்டு. டீச்சர்தானே, மருமகள் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கட்டும். மாமனாருக்கு மார்க் போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நீ வருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாவலூருக்குக் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாய். பதினோரு மணிக்கு வருகிறாய், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது எழுந்துவிடுகிறாய். "ஒரு வாய் சாப்டுட்டுப் போடா" என்று உங்கம்மா கேட்கிறாள். "இல்லம்மா, அங்க பண்ணி வெச்சிட்டு வந்திருக்கோம்" என்கிறாய். ஒரு டம்ளர் மோரோடு சரி. நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் உள்ளே வந்து எனக்குச் சோறு போடுகிறாள். அன்றைக்கு எனக்கு அப்பளம் கிடையாது. கேட்டால், "பேசுற வாய்க்கு அப்பளம் ஒண்ணுதான் கொறச்சலா?" என்கிறாள். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அப்பளம் சாப்பிடவில்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்.

முதலில் அந்த நூடுல்ஸ் கதைக்கு வருகிறேன். உன் கம்பெனி உங்களையெல்லாம் நான்கு நாள் பாங்காக்குக்குக் கூட்டிக்கொண்டு போனதே, திரும்பி வந்தவன் கோயிலைப் பற்றிச் சொல்லவில்லை, கடலைப் பற்றிச் சொல்லவில்லை. தெருவோரத்தில் ஒரு அம்மா பெரிய சட்டியில் கிளறிக் கொடுத்த பாட் தாய் என்கிற நூடுல்ஸைப் பற்றியே ஒரு வாரம் பேசினாய். புளி, வேர்க்கடலை, முட்டை, எறா எல்லாம் போட்டது, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தது என்றாய். "இன்னாடா, நம்ம புளி சேவ பாஸ்போர்ட் எடுத்துகினு போய்ட்டு வந்திருக்கு, அவ்ளோதானே" என்றேன். நீ விடவில்லை. எங்கள் இருவரையும் ஓஎம்ஆரில் ஒரு தாய்லாந்து ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாய். அது அரிசியில் செய்தது என்று நீ சொன்னதும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. பரிமாறியவரிடம் வேகாத நூடுல்ஸ் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்த அரிசியைக் கடித்துப் பார்ப்பேனே, அதுபோல முன்பல்லில் வைத்துக் கடித்தேன். "பழைய அரிசி. நல்ல சரக்கு" என்று சொல்லி மிச்சத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கலாமா வேண்டாமா என்று அவர் நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ மேசைக்கு அடியில் போகாத குறை. ஆனாலும் சிரித்தாய். எங்கள் தட்டில் எடுத்து எடுத்து வைத்தாய். என் வாழ்நாளில் நான் சாப்பிட்ட மூன்றாவது நல்ல சாப்பாடு அதுதான். முதல் இரண்டும் உங்கம்மா செய்தவை என்று எழுதி வைக்கிறேன். இந்தக் கடிதம் என்றைக்காவது ஒருநாள் அவள் கையில் சிக்காமல் இருக்காது.

அப்புறம் போன வருஷம் கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது உனக்கு சுகர் என்று வந்தது. முப்பத்திரண்டு வயது. சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் டயட்டீஷியன் அம்மா, கொஞ்ச காலத்துக்குத் தானியமே வேண்டாம், காய், முட்டை, மீன் என்று சாப்பிட்டுப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். நீ அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். கடையில் அன்றைக்குப் புதுப் பொன்னி இறங்கியிருந்தது. என்னைச் சுற்றிலும் அரிசி, நடுவில் நான், என் கையில் அரிசி வேண்டாம் என்று ஒரு காகிதம். நான் பயந்துபோனேன் என்பதுதான் உண்மை. பயந்தால் சிலர் அழுவார்கள், சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் கிண்டல் செய்வேன். "டேய், இத வெளிய காட்டாதடா, என் யாவாரம் படுத்துடும்" என்றேன். அன்றைக்கு நீ சிரித்தாய். அதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒருமுறை சிரித்தாய் என்பதற்காக எப்போதும் சிரிப்பாய் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

குன்றத்தூர் மண்டபத்தில் என் தங்கச்சி மகள் கல்யாணம். பந்தியில் எதிர்வரிசையில் நீயும் தீபாவும். இந்தப் பக்கம் நான், பக்கத்தில் உன் மாமனார். சோற்று வாளி வந்ததும் நீ இலைமேல் கையை வைத்து மறைத்து, சோறு வேண்டாம், பொரியலும் கூட்டும் மட்டும் இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று மெதுவாகச் சொன்னாய். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். "யோவ், அவனுக்கு சோறு வாணாம்யா! மண்டபத்துக்குப் பின்னால மாடு கட்டிக்கினு இருக்காங்க பாரு, அங்க இட்டுகினு போய் ஒரு கட்டு புல்லு போடு! அரிசிக்கடக்காரன் புள்ளைக்கு வந்த வாழ்வப் பாரு!" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. பரிமாறுகிறவர் கரண்டியை வாளியில் போட்டுவிட்டுச் சிரித்தார். உன் மாமனார் என் தோளைத் தட்டிச் சிரித்தார். எனக்கு ஊக்கம் வந்துவிட்டது. 'ம்ம்மா' என்று மாடு மாதிரிக் கத்தியும் காட்டினேன். நீயும் சிரிக்கிற மாதிரிதான் முகத்தை வைத்திருந்தாய். பாயசம் வருவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இலையை மடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போனாய். பந்தியில் பாதியில் எழுந்திருக்காதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். தீபா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் பின்னாலேயே எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் நீ என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே, ஆபீசுக்குப் பக்கம் என்று சொல்லி நாவலூரில் வீடு பார்த்தாய். ஆபீஸ் ஐந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

இதைவிடப் பழைய ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். நான் கடை போட்ட புதிதில் முடிச்சூர் ரோட்டில் நமக்கு முன்னாலேயே மூன்று அரிசிக்கடைகள் இருந்தன. நீ அப்போது நன்றாகக் கொழுகொழுவென்று இருப்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னைக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பெரிய தட்டில் சோற்றைக் குவித்துச் சாப்பிட வைப்பேன். செல்லம் என்று நீ நினைத்திருப்பாய். செல்லமும்தான். ஆனால் போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டும் என்பதும் இருந்தது. "எந்த அரிசிண்ணா இது?" என்று யாராவது நிற்பார்கள். "இந்த மூட்டதாம்மா. எம்புள்ளையப் பாருங்க, தெரியலையா?" என்பேன். நீ போதும்பா என்பாய். தூரத்தில் இன்னொருவர் கடைப்பக்கம் வருவது தெரிந்தால் நான் இன்னொரு கரண்டி போடுவேன். போர்டுக்குப் பதிலாக உன்னை வைத்திருந்தேன். சுகர் என்று நீ சொன்ன நாளிலிருந்து அந்த ஸ்டூல்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்குத் தெரியாமல் உன் டாக்டரிடமே போய்க் கேட்டேன். "சார், சின்ன வயசுல நான் அமுக்கி அமுக்கிப் போட்ட சோறுதான் காரணமா?" அவர் நல்ல மனுஷன். "இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாதுங்க. பரம்பரை இருக்கும், உட்கார்ந்தே பார்க்கிற வேலை இருக்கும். அது இருக்கட்டும், நீங்க எப்போ டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்க?" என்றார். கேள்வி கேட்கப் போனவன் ரத்தம் எடுக்கக் கையை நீட்டிவிட்டு வந்தேன். என் எண் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, மண்டபத்தில் மாடு மாதிரிக் கத்தியது இன்னும் கொஞ்சம் உறைத்தது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சமையல். முதலில் கேரட், அது போன கதி தெரியும். அடுத்தது வெள்ளரிக்காய். நீளநீளமாகச் சீவி, சட்டியில் போட்டுப் புளியை ஊற்றினேன். கிளறக் கிளறத் தண்ணீர். சேலையூர் ஏரிகூட அவ்வளவு வேகமாக நிரம்பாது. அதற்கடுத்தது வாழைத்தண்டு. நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, நூலாக நறுக்கி, வேர்க்கடலையெல்லாம் தூவி, உங்கம்மாவிடம் ஒரு தட்டு கொடுத்து, "இது இன்னான்னு சொல்லு பாப்போம்" என்றேன். ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "வாழத்தண்டுப் பொரியல். முப்பத்தஞ்சு வருசமா நானும் பண்ணிகினுதான் கீறேன். நீங்க ஏன் புளிய ஊத்திக் கெடுத்து வெச்சிருக்கீங்க?" என்றாள். மீன் சாஸ் என்று ஒரு பாட்டில் போட வேண்டும் என்றார்கள். கிழக்குத் தாம்பரத்தில் தேடிப்பிடித்து வாங்கிவந்தேன். திறந்த அரை மணியில் உங்கம்மா அடுக்களைப் பரணையே காலி செய்துவிட்டாள். எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். பாட்டிலைக் காட்டியதும், "கருவாட்டுத் தண்ணியக் கடைல வாங்கின மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லி, அதைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குக் குடிவைத்துவிட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வேண்டும்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வழி காட்டியதும் உங்கம்மாதான். ஒருநாள் கூட்டுக்கு என்று அரிவாள்மணையில் பப்பாளிக்காயை அரிந்துகொண்டிருந்தாள். பச்சை மாறாத, கல்லு மாதிரிக் காய். ஓரத்தில் மெல்லிசாக ஒரு இழை நீளமாக விழுந்தது. எடுத்து மென்றேன். ருசியே இல்லை. ருசி இல்லாததுதான் வேண்டும், ஏறுகிற ருசியெல்லாம் புளியுடையது. "ஏய், இதே மாதிரி முழுக்காயும் அரிஞ்சு குடேன்" என்றேன். "எனக்கு வேற வேல இல்லையா?" என்று சொல்லிக்கொண்டேதான் அரிந்தாள். யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அரிந்தது மாதிரி அவள் வேறு எந்தக் காயையும் அவ்வளவு நேர்த்தியாக அரிந்து நான் பார்த்ததில்லை.

இனிமேல் செய்முறையை நன்றாகப் படி, நீயும் செய்துகொள்ளலாம். பப்பாளி இழையில் உப்புப் போட்டுப் பிசிறிக் கால்மணி நேரம் வை. சுத்தமான வேட்டித்துணியில் கட்டிப் பிழி, நன்றாகப் பிழி, உன் மேனேஜர் கழுத்து என்று நினைத்துக்கொண்டு பிழி. பிறகு ஃபேனுக்கு அடியில் விரித்துப்போடு. இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க விடு. சர்க்கரை, வெல்லம் எதுவும் கிடையாது, இனிப்பு இந்த வெங்காயத்திலிருந்துதான் வர வேண்டும், அதனால் இங்கே அவசரப்படாதே. பூண்டு, மிளகாய், கெட்டியாகக் கரைத்த புளி, மீன் சாஸ் ஒரு ஸ்பூன். இது ஜாம் மாதிரி இறுகியதும் தனியாக எடுத்து வை. அதே சட்டியில் எறாவை வதக்கு, ஓரமாகத் தள்ளி முட்டையை உடைத்து ஊற்று, அது பாதி வேகும்போது பப்பாளியைப் போட்டு, தீயை முழுக்க வைத்து, புளிச் சாந்தைச் சேர்த்துப் புரட்டு. இரண்டே புரட்டு. மூன்றாவது புரட்டு புரட்டினால் கூட்டாகிவிடும். நான் பதினோரு நாள் கூட்டுதான் சாப்பிட்டேன். இறக்கி வைத்து முளைகட்டின பயறும், வெங்காயத்தாளும், வறுத்து இடித்த வேர்க்கடலையும் தூவு.

இந்தப் பயறில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது. நவதானியத்தில் பச்சைப்பயறும் உண்டே? ஹோமத்துக்கு என்று வந்து கேட்கிறவர்களுக்கு நானே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். அப்படியென்றால் அதுவும் தானியம்தானே? ஒரு தட்டு முழுக்கப் பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எடுத்துவிட்டு, தீபாவுக்குப் போன் போட்டேன். அவளோடு எனக்கு உனக்குத் தெரியாமல் ஒரு மாதமாகப் பேச்சு வார்த்தை நடக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. அவள் உன் டயட்டீஷியன் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "பருப்பு, பயறு எல்லாம் ஓகே மாமா. அவங்க கணக்குல அது தானியம் இல்ல" என்றாள். "அப்ப ஐயரு கணக்கு?" என்றேன். "மாமா, ஐயர் சுகர் டெஸ்ட் எடுக்க மாட்டார்" என்றாள். உன் பெண்டாட்டிக்கு என்னைவிட வாய் நீளம். சந்தோஷமாக இருந்தது. பொறுக்கியதையெல்லாம் திருப்பிக் கொட்டினேன்.

அதற்குள் உங்கம்மா பக்கத்தில் வந்து என் கையைக் கிள்ளினாள். "பப்பாளிக்காயாச்சே, கேட்டுக்கோங்க" என்று கண்ணைக் காட்டினாள். எதைக் கேட்பது? "ஏம்மா தீபா, இது பப்பாளி. அதாவது, நீ இத சாப்புடலாமா, வாணாமா? உங்க அத்த கேக்கச் சொல்றா" என்றேன். அந்தப் பக்கம் சிரித்தாள் பார், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "சாப்பிடலாம் மாமா. இப்போதைக்குச் சாப்பிடலாம்" என்றாள். உங்கம்மா அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

புத்தி சொல்லாமல் முடித்தால் அப்பன் எழுதிய கடிதம் என்று யார் நம்புவார்கள்? அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கூட்டத்தில் சிரிப்பு வாங்குவது ரொம்ப சுலபம்டா. கூட இருப்பவனைக் கொஞ்சம் கீழே தள்ளினால் போதும், எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அன்றைக்கே தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தள்ளிவிடப்பட்டவனோடுதான் நீ மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். என் வாய் உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, நான் கவனித்திருக்கிறேன். தீபாவைச் சமையலை வைத்துக் கிண்டல் செய்கிறாய். வீட்டுக்குள் நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது செய், அவளும் திருப்பிக் கொடுப்பாள், நன்றாகக் கொடுப்பாள். மூன்றாவது ஆள் வந்ததும் நிறுத்திக்கொள். உன்னிடம் யாராவது போதும் என்றால், ஏன் என்று கேட்காமல் கரண்டியைக் கீழே வை. இது சோற்றுக்கு மட்டும் இல்லை. எனக்கு இதைக் கற்றுக்கொள்ள ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. நீ சீக்கிரம் கற்றுக்கொள், நீதான் படித்தவனாயிற்றே.

உன் பக்கத்திலும் ஒன்று உண்டு. இலையை மடித்துக்கொண்டு எழுந்ததற்குப் பதில் அன்றைக்கே என்னிடம் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். "இன்னாப்பா இப்டிப் பேசிட்ட?" என்று கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன், நீ கத்தியிருப்பாய், உங்கம்மா இரண்டு பேரையும் திட்டியிருப்பாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்திருக்கும். மோரைக் குடித்துவிட்டு மரியாதையாக விடைபெற்றுப் போகிற மகனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ மரியாதையாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை பன்னிரண்டாம் தடவையாகச் செய்தேன். கூட்டாகவில்லை. இழை இழையாக நின்றது. உங்கம்மா ஒரு வாய் சாப்பிட்டாள், கையோடு இன்னொரு வாய் எடுத்தாள். அதுபோதும் என்று தீபாவைக் கூப்பிட்டேன். "எனக்கு ஸ்கூல்ல மீட்டிங் மாமா. அவர் வீட்டுல தனியாத்தான் இருப்பார். நீங்க வர்றீங்கன்னு நான் சொல்லல" என்றாள். மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரில் நூடுல்ஸை மேலடுக்கிலும், கடலையையும் பயறையும் நடு அடுக்கிலும், எலுமிச்சம்பழத்தைக் கீழடுக்கிலும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மேடவாக்கத்தில் ஒரு பஸ் மாறி, சோழிங்கநல்லூரில் ஒரு பஸ் மாறி வந்தேன். வழியெல்லாம் உன்னிடம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் நான் போன் பேசுகிறேன் என்று நினைத்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். உங்கள் கேட்டில் செக்யூரிட்டி, "எந்த டவர் சார்?" என்று கேட்டார். "எம்புள்ள வூடுப்பா, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளே நான்கு கட்டடங்கள் இருந்தன. நான்குக்கும் ஒரே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ஒன்பதாவது மாடியில் உன் நம்பர் போட்ட கதவைப் பார்த்து பெல்லை அடித்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று, குனிந்து செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தேன். "கார்த்தி, நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்லி முடிச்சிடறேன். மண்டபத்துல நான் பேசினது தப்புடா. நாலு பேரு சிரிக்கணும்னு உன்ன வித்துட்டேன். சின்ன வயசுலயும் அதான் பண்ணேன். நீ போதும்னு சொன்னப்பல்லாம் என் காதுல விழுந்திருக்கணும், விழல. நீ வூட்ல சாப்புடாம போற ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்கு சோறு எறங்கலடா. இதுல ஒரு அரிசிகூட இல்ல. நானே பண்ணது. மன்னிச்சிட்டு சாப்புடு" என்று சொல்லி முடித்து, நிமிர்ந்து கேரியரை நீட்டினேன்.

நீ இல்லை. அரை டிராயர் போட்ட, தாடி வைத்த ஒருவர் நின்றிருந்தார். காதில் எதையோ மாட்டியிருந்தார். தமிழ் தெரிந்தவராகத் தெரியவில்லை. போனைப் பார்த்து, ஹோட்டலில் ஆர்டர் செய்த சாப்பாடு வந்தால் சொல்வார்களே, அந்த நான்கு எண்களை இங்கிலீஷில் சொன்னார். நான் சரி என்றேன். கேரியரை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ பையா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி பெல் அடித்தேன். திறந்தார். மென்றுகொண்டிருந்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி சாத்தினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கி, வெறும் கையோடு உன் வீட்டுக்கு வர மனமில்லாமல், சோழிங்கநல்லூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

கேரியர் அங்கேதான் இருக்கிறது. உன் டவருக்கு எதிர் டவர், ஒன்பதாவது மாடி, உன் வீட்டு நம்பரேதான். உங்கம்மா அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது வாங்கிக்கொண்டு வா. கீழடுக்கில் எலுமிச்சம்பழம் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. பிழிந்துதான் சாப்பிட்டாரா என்று கேட்டு வை.

இப்படிக்கு,
உன் அப்பா